மருத்துவச் செலவை யார் சுமப்பது? பினாங்கு கேட்டுவரும் கேள்வி

1883-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் பிஸ்மார்க்கின் அரசு தொழிலாளர் நோய்க் காப்பீட்டுச் சட்டத்தை இயற்றியது. தொழிலாளியின் சம்பளத்திலிருந்தும் முதலாளியின் கணக்கிலிருந்தும் ஒரு பங்கு நிதியத்துக்குப் போகும். நோய் வந்தால் செலவை நிதியம் ஏற்கும். அதே ஆண்டில் ஜார்ஜ்டவுனின் முன்ட்ரி சாலையில் சீன சமூகத் தலைவர்கள் லாம் வா ஈ என்ற வைத்தியசாலையைத் தொடங்கி, ஏழைகளுக்கு இலவசமாகச் சீன மருத்துவம் பார்த்தார்கள். இந்த இரண்டு ஏற்பாடுகளும் ஒன்றை ஒன்று அறியாதவை. ஆனால் இரண்டும் ஒரே கேள்விக்கு விடை தேடியவை: நோயாளியிடம் பணம் இல்லாதபோது அவருடைய சிகிச்சைக்கு யார் பணம் தருவது?

அந்தக் கேள்விக்கு இதுவரை கிடைத்த முக்கியமான விடைகள் பெரும்பாலும் பினாங்கில் சோதித்துப் பார்க்கப்பட்டுவிட்டன. தர்மம், முதலாளியின் கடமை, அரசின் வரி, தனியார் சந்தை, காப்பீடு என ஒவ்வொன்றும் இங்கே ஒரு கட்டடத்தையாவது விட்டுச் சென்றிருக்கிறது. ரெசிடென்சி சாலையில் அரசாங்கப் பெரிய மருத்துவமனை. பர்மா சாலையில், 1924-இல் தொடங்கிய அட்வென்டிஸ்ட் மருத்துவமனை. மெக்கலிஸ்டர் சாலையை ஒட்டி அடுத்தடுத்துத் தனியார் மருத்துவமனைகள். ஒரு சில கிலோமீட்டருக்குள் இவ்வளவு மருத்துவ வசதி குவிந்த ஊர்கள் வளரும் நாடுகளில் அதிகம் இல்லை. ஆகவே அனைவருக்கும் மருத்துவப் பாதுகாப்பு என்ற விவாதத்தைப் பினாங்கில் நின்று பார்த்தால், ஏட்டில் மட்டும் தெளிவாக இருக்கும் பல நிலைப்பாடுகளின் பலமும் பலவீனமும் கண்ணுக்குத் தெரியும்.

தர்மமும் தோட்டமும்

காலனி ஆட்சியின் தொடக்கத்தில் அரசு தன் அதிகாரிகளையும் படையினரையும்தான் கவனித்தது. ஏழைகளின் நோய் அந்தந்தச் சமூகத்தின் பொறுப்பாக விடப்பட்டது. லாம் வா ஈ இன்றும் இலாப நோக்கில்லாத மருத்துவமனையாக நீடிப்பதைப் பார்த்தால் அந்த மரபைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் தர்மத்துக்கு ஓர் எல்லை உண்டு. கொடுப்பவரிடம் பணம் இருக்கும்வரைதான் அது ஓடும். எந்தச் சமூகத்தில் செல்வந்தர் குறைவோ அந்தச் சமூகத்தின் நோயாளிக்குத்தான் அது குறைவாகக் கிடைக்கும்.

தமிழர்களுக்கு நெருக்கமான விடை இரண்டாவது. நீரிணைக்கு அப்பால், செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களிலும் பின்னர் ரப்பர் தோட்டங்களிலும், சட்டப்படி முதலாளியே மருத்துவ வசதி தர வேண்டியிருந்தது. சஞ்சிக்கூலிகளாக வந்தவர்கள் மலேரியாவிலும் வயிற்றுப்போக்கிலும் கூட்டம் கூட்டமாக இறந்தது இந்திய அரசாங்கம் வரை எட்டிய பிறகே இந்தச் சட்டங்கள் இறுகின. தோட்டத்து ஆஸ்பத்திரியும் டிரஸ்ஸர் எனப்பட்ட மருத்துவ உதவியாளரும் அவற்றிலிருந்து பிறந்தவர்கள். பிஸ்மார்க்கின் முறைக்கு இது தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம். வேலையும் மருத்துவமும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்தன. வேறுபாடு எதில் என்றால், ஜெர்மன் தொழிலாளி நிதியத்தின் நிர்வாகத்தில் பிரதிநிதியாக உட்கார்ந்தார். தோட்டத் தொழிலாளிக்கு அப்படி ஓர் இருக்கை இருந்ததில்லை. மருத்துவம் எவ்வளவு, எப்படி என்பதைத் தோட்ட நிர்வாகமே முடிவு செய்தது.

இதன் விளைவு சுதந்திரத்துக்குப் பிறகும் நீண்டது. தோட்டம் தனியார் நிலம் என்பதால் அரசின் கிராமப்புறத் திட்டங்கள் தோட்ட வாசலில் நின்றுவிட்டன. கம்போங்கில் அரசாங்க மருத்துவச்சி வீடு வீடாகப் போன காலத்தில், சில கல் தொலைவில் இருந்த லயத்தில் பிரசவம் டிரஸ்ஸரின் கையில் இருந்தது. தோட்ட மருத்துவமனை குறித்த விதிகள் 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்பு, வசதிகள் தரச் சட்டத்திலும் தொடர்கின்றன. மருத்துவ உரிமையை வேலையோடு கட்டினால், வேலை போகும்போதும் தோட்டம் துண்டாடப்படும்போதும் உரிமையும் சேர்ந்து போகும். செபராங் பிறையில் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது இது நடந்தது. சம்பளத்தை அடிப்படையாகக் கொண்ட காப்பீட்டைப் பரிந்துரைப்பவர்கள் இந்த அனுபவத்தை அரிதாகவே கணக்கில் எடுக்கிறார்கள்.

வரியால் கட்டியது

மூன்றாவது விடை பிரிட்டனிலிருந்து வந்தது. 1942-இல் பெவரிஜ் அறிக்கை, 1948 ஜூலையில் தேசியச் சுகாதாரச் சேவை. பொது வரியிலிருந்து பணம், யாருக்கும் கட்டணமில்லாத சிகிச்சை. வளரும் நாடுகளில் இதை விரைவாகக் கைக்கொண்டவற்றுள் இலங்கையும் மலாயாவும் முக்கியமானவை. இலங்கை 1951-இல் கட்டணங்களை நீக்கியது. மலாயா கட்டணத்தை முற்றாக நீக்காமல், பெயரளவில் வைத்துக்கொண்டது.

இங்கே நடந்ததன் சிறப்பு பணம் திரட்டிய முறையில் மட்டும் இல்லை, அதைச் செலவிட்ட வரிசையிலும் இருந்தது. 50,000 பேருக்கு ஒரு பெரிய சுகாதார நிலையம், அதன்கீழ் நான்கு துணை நிலையங்கள், அவற்றின்கீழ் இருபது மருத்துவச்சி கிளினிக்குகள் என்ற வலை கிராமங்களில் விரிந்தது. மருத்துவச்சி தன் கிளினிக்கிலேயே குடியிருந்தார். பாரம்பரிய மருத்துவச்சிகளான பிடான்களை விரட்டாமல், பயிற்சி கொடுத்து உடன் சேர்த்துக்கொண்டார்கள். 1950-களில் ஒரு லட்சம் பிரசவங்களுக்கு 500-க்கும் மேல் இருந்த தாய்மார் மரணம், 1990-களில் 50-க்கும் கீழே வந்தது. உலக வங்கியே 2003-இல் மலேசியாவையும் இலங்கையையும் சேர்த்து ஆராய்ந்து, பிற நாடுகள் கற்க வேண்டிய பாடமாக வெளியிட்டது. காப்பீட்டு அட்டை எதுவும் இல்லாமல், இலக்கு ஆண்டு எதுவும் அறிவிக்காமல், ஒரு நாடு ஏறத்தாழ அனைவரையும் எட்டியது.

இன்றும் ஒரு குடிமகன் அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி கொடுத்து மருத்துவரைப் பார்த்து, மருந்தும் வாங்கிக்கொண்டு வரலாம். நிபுணரைப் பார்க்க ஐந்து வெள்ளி. மூன்றாம் வகுப்பு வார்டில் எத்தனை நாள் படுத்தாலும் கட்டணத்துக்கு 500 வெள்ளி உச்சவரம்பு. 1982-ஆம் ஆண்டின் கட்டண ஆணை இந்த முறையின் அடித்தளம்.

இந்த நிலைப்பாட்டின் பலவீனங்கள் மூன்று. முதலாவது, அரசின் வரி வருமானம் மெலிந்தது. மலேசியாவில் அது உள்நாட்டு உற்பத்தியில் 12 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. 2015 ஏப்ரலில் வந்த பொருள் சேவை வரி 2018 ஜூனில் பூச்சியமாக்கப்பட்டது. பெட்ரோலிய வருமானமோ எண்ணெய் விலையோடு ஏறி இறங்கும். இரண்டாவது, வரிப்பணம் ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டத்தில் மற்ற துறைகளோடு போட்டியிட வேண்டும். 2025-இல் சுகாதார அமைச்சுக்கு ஏறத்தாழ 4,500 கோடி வெள்ளி ஒதுக்கப்பட்டது. தொகை பெரிதுதான். ஆனாலும் நாட்டின் பொதுச் சுகாதாரச் செலவு உற்பத்தியில் மூன்று விழுக்காட்டுக்குக் கீழேயே கிடக்கிறது. இலங்கை 2022-இல் கண்டது இந்த முறையின் கடைசி ஆபத்து: அரசின் கஜானா காலியானபோது இலவச மருத்துவமனைகளில் மருந்து இல்லாமல் போயிற்று.

மூன்றாவது பலவீனம் அதிகம் பேசப்படாதது. கட்டணம் ஒரு வெள்ளியாக இருக்கும் இடத்தில் உண்மையான விலை நேரமாக மாறிவிடுகிறது. காலை ஏழு மணிக்கு வந்து பிற்பகலில் வீடு திரும்பும் கூலித் தொழிலாளிக்கு ஒரு நாள் சம்பளம் போகிறது. மாதச் சம்பளக்காரருக்கு மருத்துவ விடுப்பு உண்டு. அங்காடிக்காரருக்கும் கட்டுமானத் தொழிலாளிக்கும் இல்லை. அறுவை சிகிச்சைக்கான தேதி மாதக்கணக்கில் தள்ளிப்போகும்போது, அந்த மாதங்களின் வலியும் வருமான இழப்பும் எந்தத் தேசியக் கணக்கிலும் ஏறுவதில்லை. இரத்தக்குழாய் ஸ்டென்ட், மூட்டு மாற்றுக்கான கருவி போன்றவற்றுக்கு நோயாளி தனியே பணம் தேட வேண்டிவருவதும் உண்டு. அதற்காகவே மருத்துவ உதவி நிதி ஒன்றை அமைச்சு நடத்துகிறது.

கட்டணம் என்ற குறுகிய அத்தியாயம்

1978-இல் அல்மா அட்டாவில் கூடிய நாடுகள் 2000-க்குள் அனைவருக்கும் ஆரோக்கியம் என்று அறிவித்தன. பத்து ஆண்டுகள் முடிவதற்குள் கடன் நெருக்கடி வந்தது. 1987-இல் உலக வங்கி, வளரும் நாடுகளின் அரசு மருத்துவமனைகள் நோயாளியிடம் கட்டணம் வாங்க வேண்டும் என்று வாதிட்டது. அதே ஆண்டு பமாக்கோ முன்முயற்சி ஆப்பிரிக்காவில் மருந்துக்குக் கட்டணம் வாங்கும் முறையைப் பரப்பியது. கட்டணத்தால் வந்த வருமானம் சொற்பம். வராமல் நின்றுவிட்ட ஏழைகள் அதிகம். உகாண்டா 2001-இல் கட்டணத்தை நீக்கியதும் ஏழைகளின் வருகை பெருகியது. இன்று இந்த நிலைப்பாட்டை வெளிப்படையாக ஆதரிப்பவர் குறைவு. ஆனால் அது வேறு உடையில் திரும்பி வருவதைக் கீழே காண்போம்.

தேசிய நிதியம்: நாற்பது ஆண்டு யோசனை

மலேசியாவில் 1980-களின் நடுப்பகுதியிலிருந்தே தேசியச் சுகாதார நிதியம் ஒன்றைப் பற்றிய ஆய்வுகள் நடந்துவருகின்றன. வாதம் எளியது. வரிக்குச் சுகாதாரம் என்று பெயரிட்டால் மக்கள் தர முன்வருவார்கள். நிதியம் அரசு மருத்துவமனையிடமும் தனியார் கிளினிக்கிடமும் ஒரே விலையில் சேவையை வாங்கும். சேவையைத் தருபவரும் பணம் தருபவரும் பிரிந்தால் திறன் கூடும். இந்த வரிசையில் அதிகம் பேசப்பட்டது 2009-இல் வரைவான '1கேர்' திட்டம். குடும்ப வருமானத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு பிடிக்கப்படும், விரும்பிய மருத்துவரைப் பார்க்க முடியாது என்ற அச்சங்கள் 2012-இல் பரவ, எதிர்ப்பு இயக்கம் எழுந்தது. திட்டம் அலமாரிக்குப் போயிற்று. தகவலை மூடிவைத்ததே அதன் தோல்விக்கு முதற்காரணம் என்று நினைக்க இடமுண்டு. விவரம் தெரியாத மக்கள் மோசமானதையே எதிர்பார்த்தார்கள்.

கொள்கை அளவில் நிதியத்துக்கு உள்ள தடை வேறு. சம்பளத்திலிருந்து பிடிக்கும் காப்பீடு, சம்பளச்சீட்டு உள்ளவர்களைத்தான் எளிதில் எட்டும். பிலிப்பீன்ஸ் 1995-இலும் கானா 2003-இலும் தேசியக் காப்பீட்டுச் சட்டங்களைக் கொண்டுவந்தன. கானாவின் நிதியத்தைத் தாங்குவது உறுப்பினர் சந்தாவைவிட, மதிப்புக் கூட்டு வரியோடு சேர்த்து வாங்கும் இரண்டரை விழுக்காட்டுத் தீர்வை. பெயர் காப்பீடு, பணம் வரி. தாய்லாந்து இதை வெளிப்படையாகவே செய்தது. 2002-இல் சட்டமான முப்பது பாட் திட்டம் சந்தா எதையும் கேட்கவில்லை. பொது வரிப்பணத்தை ஒரே நிறுவனத்திடம் கொடுத்து, தலைக்கு இவ்வளவு என்று மருத்துவமனைகளுக்குப் பகிர்ந்தது. நோயாளியின் கையிலிருந்து போகும் செலவு அங்கே மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கை ஒட்டி இறங்கியது. மலேசியாவில் அது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். பினாங்கிலிருந்து சில மணி நேரத்தில் எட்டக்கூடிய ஹட்யாய் நகரத்தவர், தம்மைவிடச் செல்வமான அண்டை நாட்டவரைக் காட்டிலும் இந்த ஓர் அளவில் நல்ல பாதுகாப்பில் இருக்கிறார்கள்.

நிதியத்தின் ஆதரவாளர்கள் சொல்லும் இன்னொரு பகுதியைத் தள்ளிவிட முடியாது. பணம் எங்கிருந்து வந்தாலும், அதை மொத்தமாகச் செலவிடும் ஒரு வாங்குபவர் இருந்தால் விலையைப் பேச முடியும். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1990-களின் நடுவிலிருந்து அரசு மருத்துவமனைகளுக்கு மருந்தை மொத்தமாகக் கொள்முதல் செய்து காட்டியது இதைத்தான். அதே தமிழ்நாடு 2009-இல் உயிர்காக்கும் சிகிச்சைகளுக்கான காப்பீட்டுத் திட்டத்தையும் தொடங்கியது. இரண்டில் எது ஏழையின் சட்டைப்பையை அதிகம் காத்தது என்று கேட்டால், இந்தியாவின் காப்பீட்டுத் திட்டங்களைப் பற்றிய பல ஆய்வுகள் உற்சாகம் தருவதாக இல்லை. படுக்கை சிகிச்சைக்கு மட்டும் பணம் தரும் காப்பீடு, மாதாமாதம் வாங்கும் சர்க்கரை மருந்தையும் இரத்த அழுத்த மருந்தையும் தொடுவதே இல்லை. சிறுகச் சிறுகக் குடும்பத்தைக் கரைப்பது அந்தச் செலவு.

இந்தோனேசியாவின் அனுபவமும் பினாங்குக்கு நேரே தெரிகிறது. அங்கே 2014 ஜனவரியில் தொடங்கிய தேசியக் காப்பீடு மக்கள்தொகையின் பெரும்பகுதியை உறுப்பினராக்கிவிட்டது. ஆனாலும் மேடானிலிருந்தும் ஆச்சேயிலிருந்தும் நோயாளிகள் பினாங்குக்கு வருவது நிற்கவில்லை. பாதுகாப்பு அட்டை கையில் இருப்பதும், அந்த அட்டை காட்டும் மருத்துவமனையில் நம்பிக்கை இருப்பதும் வேறு வேறு.

தனியார் சந்தையும் அதன் பங்குதாரர்களும்

1983-இல் தனியார்மயக் கொள்கை அறிவிக்கப்பட்டது. 1992-இல் தேசிய இருதயக் கழகம் நிறுவனமாக்கப்பட்டது. 1994-இல் அரசு மருந்துக் கிடங்கும், 1996 முதல் மருத்துவமனைகளின் துப்புரவு, சலவை, கழிவகற்றல், பராமரிப்புப் பணிகளும் நிறுவனங்களின் கைக்குப் போயின. பொது மருத்துவமனைகளையே நிறுவனமாக்கும் எண்ணம், 1999 தேர்தலை ஒட்டி மக்களின் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பில் பினாங்கின் பங்கு சிறிதல்ல. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் சான் சீ கூன் போன்ற ஆய்வாளர்களும், 1969-இல் தொடங்கிய பினாங்கு பயனீட்டாளர் சங்கமும், அலிரான் இயக்கமும் இந்த விவாதத்தைத் துறைசார் அறிக்கைகளிலிருந்து பொதுமக்களிடம் கொண்டுவந்தன.

தனியார் துறைக்கு ஆதரவான வாதத்தை அதன் வலுவான வடிவில் சொல்ல வேண்டும். வசதியுள்ளவர் தனியாரிடம் போனால், அரசின் படுக்கை ஏழைக்கு மிஞ்சும். வெளிநாட்டு நோயாளிகள் கொண்டுவரும் பணம் நவீனக் கருவிகளையும் நிபுணர்களையும் நாட்டில் தக்கவைக்கும். 2019-இல் மலேசியாவுக்குச் சிகிச்சைக்காக வந்தவர்கள் 12 லட்சத்துக்கும் மேல். அவர்களில் பெரும் எண்ணிக்கையினர் பினாங்குக்கு வந்தார்கள். நகரத்தின் விடுதிகளும் உணவகங்களும் வாடகைக் கார்களும் அதில் வாழ்கின்றன.

எதிர்வாதம் ஆட்களின் கணக்கிலிருந்து தொடங்குகிறது. மருத்துவரும் தாதியும் ஒரே குளத்திலிருந்து வருகிறார்கள். வரிப்பணத்தில் பயிற்சி பெற்ற நிபுணர் ரெசிடென்சி சாலையிலிருந்து மெக்கலிஸ்டர் சாலைக்குப் போனால், முதல் சாலையில் வரிசை நீளும். 2016 டிசம்பரில் வந்த ஒப்பந்த முறை இளம் மருத்துவர்களை நிரந்தர வேலை இல்லாமல் நிறுத்தியது. 2021 ஜூலை 26 அன்று அவர்கள் நாடு முழுவதும் மருத்துவமனைகளிலிருந்து வெளிநடப்புச் செய்தார்கள். வரிசை நீண்டால், சிறு வசதி உள்ளவரும் காப்பீடு வாங்கி வெளியேறுகிறார். வெளியேறியவர் பொது மருத்துவமனைக்காகக் குரல் கொடுப்பதில்லை. அவருடைய மௌனம் வரவுசெலவுத் திட்டத்தில் தெரியும்.

சான் சீ கூனின் ஆய்வுகள் இதில் இன்னொரு முடிச்சைக் காட்டின. அரசு இங்கே வெறும் மேற்பார்வையாளர் இல்லை. அரசின் முதலீட்டு நிறுவனமான கசானா 2010-இல் பார்க்வே மருத்துவமனைக் குழுமத்தை வாங்கியது; அதன் வழிவந்த ஐஎச்எச் 2012-இல் பங்குச் சந்தைக்கு வந்தது; தொழிலாளர்களின் ஓய்வூதியச் சேமிப்பான ஊழியர் சேமநிதியும் அதில் முக்கியப் பங்குதாரர். கேபிஜே மருத்துவமனைகளின் பின்னால் ஜொகூர் மாநிலக் கழகம். 2024-இல் ஐஎச்எச் பினாங்கின் ஐலண்டு மருத்துவமனையை ஏறத்தாழ 392 கோடி வெள்ளிக்கு வாங்கியது. தனியார் மருத்துவமனைகள் எவ்வளவு வாங்கலாம் என்று விதிக்க வேண்டிய அரசுக்கு, அந்த மருத்துவமனைகளின் இலாபத்தில் பங்கு இருக்கிறது. 1998-இல் இயற்றி 2006-இல் நடைமுறைக்கு வந்த தனியார் சுகாதாரச் சேவைச் சட்டம் மருத்துவரின் கட்டணத்துக்கு உச்சவரம்பு வைத்தது. மருத்துவமனையின் மற்றக் கட்டணங்களை அதேபோல் கட்டுப்படுத்தவில்லை. பில்லின் பெரும்பகுதி ஏறுவது அங்கேதான்.

2024-இன் இறுதியில் இது வெடித்தது. சில மருத்துவக் காப்பீடுகளின் பிரிமியம் 40 முதல் 70 விழுக்காடு வரை உயரும் என்ற செய்தி குடும்பங்களை உலுக்கியது. டிசம்பரில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா தலையிட்டு, உயர்வைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பரப்ப வேண்டும் என்றது. இளமையில் இருபது ஆண்டு பணம் கட்டியவர், நோய் வரும் வயதில் கட்ட முடியாமல் பாலிசியைக் கைவிட்டு, அரசு மருத்துவமனையின் வரிசைக்கே திரும்புகிறார். சுகாதாரச் சந்தையில் சாதாரணப் பொருளாதார விதிகள் ஏன் தடுமாறுகின்றன என்று பொருளாதார அறிஞர் கென்னத் ஆரோ 1963-இலேயே எழுதிவிட்டார். அரசுப் படுக்கை மிஞ்சும் என்ற கணக்கு, மனிதர் முதுமை அடைவார் என்பதை மறந்த கணக்கு.

கலப்பு முறைக்கு ஒரு வழக்கு

இவ்வளவு குறை சொன்ன பிறகு, மலேசிய முறையே போதுமானது என்று வாதிடுபவர்களையும் கேட்க வேண்டும். இலங்கை ஆய்வாளர் ரவி ரன்னன்-எலியவும் சக ஆய்வாளர்களும் 2016-இல் வெளியிட்ட கட்டுரை இந்த நிலைப்பாட்டின் சிறந்த வடிவம். அரசு மருத்துவமனை அனைவருக்கும் திறந்திருக்கிறது. வசதியுள்ளவர் தாமாகவே தனியாரிடம் போகிறார். ஆகவே குறைந்த வரிப்பணம் ஏழைகளிடம் அதிகம் சேர்கிறது. பதினொரு ஆசிய நாடுகளை ஒப்பிட்ட முந்தைய ஆய்விலும், மருத்துவச் செலவால் வறுமையில் விழுபவர்கள் மலேசியாவில் மிகக் குறைவு என்று தெரிந்தது. கையிலிருந்து போகும் செலவு 15 அல்லது 20 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால்தான் குடும்பங்கள் பாதுகாப்பாக இருக்கும் என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2010-இல் சொன்ன பொது விதி. மலேசியா அந்த விதிக்கு அடங்காத விலக்கு.

இது கனமான வாதம், சான்றும் உண்டு. அதன் இடைவெளி அளவுகோலில் இருக்கிறது. வறுமையில் விழுந்தவரை எண்ணும் முறை, சிகிச்சையைத் தள்ளிப்போட்டவரை எண்ணாது. பிரிமியமாகப் போகும் பணத்தையும், வரிசையில் போகும் நாளையும் எண்ணாது. முக்கியமாக, அது ஒரு காலகட்டத்தின் படம். தொற்றுநோயும் பிரசவமும் முதன்மையாக இருந்த காலத்தில் கட்டிய ஏற்பாடு, இன்று நீரிழிவோடும் சிறுநீரகச் செயலிழப்போடும் வாழ்நாள் முழுவதும் போராட வேண்டியிருக்கிறது. 2023-இன் தேசியச் சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையே அது மிக அதிகம்.

டயாலிசிஸ் நிலையத்தில் இந்த முறையின் தையல்கள் எல்லாம் வெளியே தெரியும். வாரம் மூன்று முறை, வாழ்நாள் முழுவதும். சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் பங்கு செலுத்தியவருக்கு சொக்சோ பணம் தருகிறது. அரசு ஊழியருக்குப் பொதுச் சேவைத் துறை. முஸ்லிம் ஏழைக்கு ஜக்காத். மற்றவர்களில் பலரைத் தாங்குவது தேசிய சிறுநீரக அறநிறுவனம், சூச்சி போன்ற தொண்டு அமைப்புகள். ஒரே நோய், யார் பணம் தருவார் என்பதை நோயாளியின் வேலையும் மதமும் அதிர்ஷ்டமும் தீர்மானிக்கின்றன. சம்பளச்சீட்டு இல்லாமல் வாழ்ந்த ஒருவர், முன்னாள் தோட்டத் தொழிலாளியாகவோ வீட்டு வேலை செய்த பெண்ணாகவோ இருந்தால், அவருக்கு 1883-ஆம் ஆண்டின் தர்மமே இன்றும் பெரிய நம்பிக்கை. இதை ஒரு நாகரிக நாடு ஏற்றுக்கொள்ளக் கூடாது.

விலையைக் குறைப்பது என்ற வேறு பாதை

பணத்தை எப்படித் திரட்டுவது என்று மட்டும் பேசினால், அந்தப் பணம் எதை வாங்குகிறது என்பது மறந்துபோகும். பினாங்கு உலகுக்குத் தந்த பங்களிப்பு இந்தப் பக்கத்தில்தான் அதிகம். அனைத்துலகப் பயனீட்டாளர் அமைப்பின் வட்டார அலுவலகம் இங்கே அன்வர் ஃபசாலின் தலைமையில் இயங்கிய காலத்தில், 1981-இல் உருவான மருந்து விழிப்புணர்வு வலையமைப்புக்கு இது ஒரு முக்கிய மையமாக இருந்தது. 1984-இல் தொடங்கிய மூன்றாம் உலக வலையமைப்பின் தலைமையகமும் இங்கேதான். காப்புரிமை மருந்துகளின் விலையைக் கேள்வி கேட்கும் அறிவும் துணிவும் இந்த ஊரில் வளர்ந்தன.

பலன் கையில் உள்ளது. 2003-இல் மலேசிய அரசு எச்.ஐ.வி. மருந்துகளுக்கு அரசுப் பயன்பாட்டு உரிமம் பிறப்பித்து, மலிவான பதிலிகளை இந்தியாவிலிருந்து இறக்குமதி செய்தது. 2017-இல் ஹெபடைடிஸ் சி நோய்க்கான சோஃபோஸ்புவிருக்கு அதே உரிமம். பல பத்தாயிரம் வெள்ளி ஆன சிகிச்சை ஏறத்தாழ 300 அமெரிக்க டாலர் அளவுக்கு இறங்க வழி பிறந்தது. எந்த நிதியமும் எந்தப் பிரிமியமும் இதைச் சாதித்திருக்காது. 2025 மே முதல் தனியார் மருத்துவமனைகளும் கிளினிக்குகளும் மருந்து விலையைப் பார்வைக்கு வைக்க வேண்டும் என்ற ஆணை அதே திசையில் ஒரு சிறு அடி. விலை தெரிந்தால் மட்டும் விலை குறையாது என்பது இதன் வரம்பு. நெஞ்சு வலியோடு வந்தவர் விலைப்பட்டியலை ஒப்பிட மாட்டார்.

கணக்கில் சேராதவர்கள்

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளிலும் கட்டுமானத் தளங்களிலும் நேபாளிகளும் வங்காளதேசிகளும் மியன்மார்க்காரர்களும் உழைக்கிறார்கள். 2011 முதல் வெளிநாட்டுத் தொழிலாளருக்கு மருத்துவமனைக் காப்பீடு கட்டாயம். அதன் உச்சவரம்பு முதலில் 10,000 வெள்ளி, பின்னர் 20,000. வெளிநாட்டவருக்கான அரசு மருத்துவமனைக் கட்டணம் 2014-க்குப் பிறகு படிப்படியாக ஏற்றப்பட்டது. ஒரு பெரிய விபத்து அந்த உச்சவரம்பைச் சில நாட்களில் தின்றுவிடும். ஆவணம் இல்லாதவரைப் பற்றிக் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற 2001 சுற்றறிக்கை, பலரை மருத்துவமனைப் பக்கமே வரவிடாமல் செய்தது. காசநோய்க் கிருமி குடியுரிமை பார்ப்பதில்லை என்பது பொதுச் சுகாதார வாதம். அதைவிட எளிய வாதம் ஒன்று உண்டு. நம் முன்னோர் இதே நிலத்துக்கு இதே நிலையில் வந்தவர்கள்.

எது இன்னும் முடிவாகவில்லை

2023 ஜூனில் மக்களவை ஏற்ற சுகாதார வெள்ளை அறிக்கை, பொதுச் செலவை உற்பத்தியில் ஐந்து விழுக்காடு நோக்கி உயர்த்த வேண்டும் என்றும், பதினைந்து ஆண்டுகளில் முறையைச் சீரமைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. நோய் வருமுன் காப்பதற்கும் கிளினிக்குகளை வலுப்படுத்துவதற்கும் அது கொடுக்கும் முதன்மை வரவேற்கத்தக்கது. கூடுதல் பணம் யாரிடமிருந்து என்ற இடத்தில் அது மெதுவாகப் பேசுகிறது.

சான்றுகளைத் திரட்டிப் பார்த்தால் ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியவை சில உண்டு. சம்பளச் சந்தாவை அடிப்படையாகக் கொண்ட காப்பீடு மலேசியா போன்ற நாட்டில் புதிய பணத்தைப் பெரிதாகக் கொண்டுவரும் என்பதற்கு ஆதாரம் பலமாக இல்லை. இறுதியில் வரியே பெரும்பாரத்தைச் சுமக்கும். ஆனால் மொத்தமாக வாங்கும் ஒரு நிறுவனத்தை வரிப்பணத்திலேயே அமைக்கலாம் என்பதைத் தாய்லாந்து காட்டியிருக்கிறது. வரியை ஆதரிப்பவர்கள், என்னையும் சேர்த்து, எந்த வரியை எவ்வளவு உயர்த்துவது என்பதற்கு நேரான பதில் தரக் கடன்பட்டிருக்கிறோம். 2019-இல் தொடங்கிய இனிப்புப் பானத் தீர்வை ஒரு துணை வருமானம்தான். அதனால் மருத்துவமனை கட்ட முடியாது. செல்வத்தின் மீதான வரியா, திருத்திய வடிவில் பொருள் சேவை வரியா என்பது அரசியல் முடிவு. இரண்டாவதைத் தேர்ந்தால் ஏழைக் குடும்பங்களுக்கு ஈடு செய்தாக வேண்டும்.

மாநில அரசுகளின் இடமும் தெளிவாகவில்லை. மருத்துவமும் மருத்துவமனையும் கூட்டரசின் பட்டியலில் இருப்பதால், நாட்டிலேயே விரைவாக முதுமை அடையும் மாநிலங்களுள் ஒன்றான பினாங்குக்குத் தன் மருத்துவமனையில் ஒரு படுக்கையைக் கூட்டும் அதிகாரமில்லை. மருத்துவச் சுற்றுலாவை வளர்க்க மாநிலம் முயலலாம். அதன் வருமானத்திலிருந்து பொது மருத்துவமனைக்கு ஒரு பங்கைத் திருப்பும் வழி சட்டத்தில் வகுக்கப்படவில்லை.

மிகவும் கவனமாகப் பார்க்க வேண்டியது, 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்ட, சுகாதார அமைச்சின் 'ராக்கான் கேகேஎம்'. அரசு மருத்துவமனையிலேயே கூடுதல் கட்டணம் செலுத்துபவர், தாம் விரும்பிய நிபுணரிடம் முன்னுரிமையோடு சிகிச்சை பெறலாம் என்பது திட்டம். 2007-இல் புத்ராஜெயாவிலும் செலாயாங்கிலும் தொடங்கிய முழுக்கட்டண வார்டின் தொடர்ச்சி இது. நிபுணர்களை அரசுப் பணியில் தக்கவைக்கவும், வருமானத்தைப் பொது வார்டுக்குத் திருப்பவும் இது உதவும் என்பது அமைச்சின் விளக்கம். அந்த நோக்கத்தைச் சந்தேகிக்கக் காரணமில்லை. ஆனால் நிபுணரும் அறுவைக் கூடமும் ஒன்றே. கட்டணம் செலுத்துபவருக்கு ஒதுக்கும் ஒவ்வொரு மணி நேரமும் எங்கிருந்து வருகிறது என்பதற்குக் கணக்கு வேண்டும். ஒரு வெள்ளி நோயாளியின் அறுவைக்கான காத்திருப்பு, திட்டத்துக்கு முன் எத்தனை வாரம், பின் எத்தனை வாரம் என்று மருத்துவமனைவாரியாக அளந்து, பொதுவில் வெளியிட வேண்டும். அந்த எண்கள் வெளிவரும்வரை திட்டத்தை வெற்றி என்றோ தோல்வி என்றோ தீர்ப்புச் சொல்ல யாருக்கும் ஆதாரமில்லை.